கண் இமைக் கோளாறுகள்: நீலகிரியில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். பவர் பார்ப்பது, சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பது, முகாம்களில் டார்ச் அடித்துப் பார்ப்பது இதெல்லாம் என் வேலை. நோயை உறுதி செய்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவர்கள். ஆனால் வருகிறவர்கள் முதலில் உட்காருவது என் முன்னால்தான். இமை வீங்கியோ, தொங்கியோ, துடித்தோ வந்து, "சொட்டு மருந்து ஏதாவது குடுங்க" என்பார்கள். அவர்களில் சிலருக்குக் கோளாறு இமையில் இருக்காது. சிறுநீரகத்திலோ தைராய்டிலோ நரம்பிலோ ரத்தத்திலோ இருக்கும். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோயம்புத்தூர் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, கூட வருகிறவரின் கூலியும் போச்சு. அதனால் எதற்கு உடனே இறங்க வேண்டும், எது பொறுக்கும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இமைக்கும் உடம்பின் மற்ற நோய்களுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல். அதற்கு அடியில் உள்ள சதை தளர்வானது, அதனால் உடம்பில் எங்கே நீர் தேங்கினாலும் இமையில் சீக்கிரம் தெரியும். இமையைத் தூக்குவது ஒரு நரம்பு (மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு), மூடுவது வேறொரு நரம்பு (ஏழாவது). இமையைச் சற்றே உயர்த்திப் பிடிக்கும் இன்னொரு சிறு தசைக்கு நரம்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மூளையில் கிளம்பி, கழுத்தில் இறங்கி, நுரையீரலின் உச்சியைத் தொட்டுத் திரும்பி மேலே ஏறுகிறது. இந்த வழியில் எங்கே இடிபட்டாலும் இமை காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டுதான். ஒரு கண்ணா, இரண்டுமா? காலையில் அதிகமா, சாயங்காலம் அதிகமா? பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

காலையில் எழுந்ததும் குழந்தைக்கு இரண்டு கண்ணும் வீங்கியிருக்கிறது. மதியத்துக்குள் வடிந்துவிடுகிறது. குளிரினால்தானே?

குளிர்மேல் பழி போடுவது எங்கள் ஊரில் வழக்கம். அலர்ஜி என்று சொட்டு மருந்து விட்டு இரண்டு மூன்று வாரம் ஓட்டுகிறவர்களும் உண்டு. அலர்ஜி என்றால் அரிக்கும், குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும். அரிப்பே இல்லாமல் இரண்டு இமையும் காலையில் உப்பியிருந்தால் சிறுநீரைப் பார்க்க வேண்டும்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற நோயில் சிறுநீரகம் புரதத்தை வெளியே விட்டுவிடும். ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் சதைக்குள் கசிந்து தேங்கும். இரவு முழுக்கப் படுத்திருப்பதால் முகத்தில் தேங்குகிறது. எழுந்து நடமாடியதும் காலுக்கு இறங்கிவிடுகிறது. மதியத்தில் இமை வடிவது குணமானதால் இல்லை. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். எலாஸ்டிக் பதிந்த தடம் ஆழமாக, வெகுநேரம் மறையாமல் இருக்கும். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும், வயிறு உப்பும், பழைய கால்சட்டை இடுப்பில் பிடிக்கும்.

இதற்குக் கோயம்புத்தூர் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பெரும்பாலானோருக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கும், ஆனால் திரும்ப வரும் சுபாவம் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

பெரியவர்களுக்கு இதே வீக்கம் என்றால் சிறுநீரகம், இதயம், தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு முகமும் இமையும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

சாயங்காலம் ஆனால் இமை தானாகத் தொங்குகிறது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. வேலைக் களைப்பா?

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வந்தார், நாற்பது வயதிருக்கும். காலை பத்து மணி, இமை இரண்டும் நன்றாகவே இருந்தன. "சாயங்காலம் எடை போடும்போது தராசுல நம்பர் ரெண்டு ரெண்டா தெரியுது. தூங்கி வழியறேன்னு மேஸ்திரி திட்டுறார்" என்றார். தலையை அசைக்காமல், உயரத் தூக்கிய என் விரலையே பார்க்கச் சொன்னேன். அரை நிமிடம் வரை ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் தாண்டியதும் இடது இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கண்பாவையின் பாதியை மூடியது. ரப்பர் கையுறைக்குள் ஐஸ் துண்டு போட்டு இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தோம். எடுத்துவிட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது இமை மூன்று மில்லிமீட்டர் ஏறியிருந்தது. இரண்டுக்கு மேல் ஏறினாலே சந்தேகம் பலப்படும்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தில், அந்தக் கட்டளையை வாங்கும் ஏற்பிகளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கிவிடுகிறது. தசை முதலில் ஒழுங்காக வேலை செய்யும், செய்யச் செய்யச் சோர்ந்துவிடும். ஓய்வு கொடுத்தால் தேறும், குளிரில் தேறும், வெக்கையில் மோசமாகும். எங்கள் ஊர் ஜனவரிக் காலையே ஏறக்குறைய ஒரு ஐஸ் டெஸ்ட்தான். அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே சாயங்காலம் அடுப்படியில் நிற்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வரச் சொல்வேன்.

நிறையப் பேருக்கு இது இமையிலும், இரட்டையாகத் தெரிவதிலும்தான் ஆரம்பிக்கும். கண்ணோடு நிற்பவர்களும் உண்டு. ஆனால் பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் கை, கால், தொண்டைத் தசைகளுக்கும் பரவலாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சோதனை, நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பியைப் பார்க்க சி.டி. ஸ்கேன் இரண்டுக்கும் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். அதற்கு ஒரு வாரத்தில் நாள் பார்த்து இறங்கலாம். விழுங்கும்போது புரையேறினாலோ, பேச்சு மூக்கால் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ நாள் பார்க்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரை இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். இந்த நோய் உள்ளவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். சில ஆன்டிபயாடிக்குகளும் சில பிரஷர் மாத்திரைகளும் நோயைக் கிளப்பிவிடும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. கண்ணில் விடும் ஒரு சொட்டு மூச்சுத் தசை வரைக்கும் போகும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்!

நேற்று வரை நன்றாக இருந்தது. இன்று ஒரு கண் இமை முழுதாக விழுந்துவிட்டது. என்ன செய்ய?

கண்ணாடி முன் நின்று விழுந்த இமையை விரலால் தூக்குங்கள். கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்தான் கண்பாவை. இரண்டு கண்ணிலும் அது ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள்.

விழுந்த பக்கம் பாவை பெரிதாக விரிந்து, தலைவலியும் இருந்தால், மூளை ரத்தக்குழாயில் ஒரு வீக்கம் மூன்றாவது நரம்பை அழுத்துகிறது என்று பயப்பட வேண்டும். அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. இரவானாலும் மூடுபனியானாலும் இறங்கியாக வேண்டியது இதற்குத்தான்.

பாவை சமமாக இருந்து, விழி மட்டும் வெளிப்பக்கம் ஒதுங்கி, உங்களுக்குச் சுகரும் பிரஷரும் இருந்தால், நரம்புக்குப் போகும் பொடி ரத்தக்குழாய் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். இது பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகத் தெளியும். அதற்காகச் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை; அன்றைக்கே ஒரு டாக்டர் பார்த்து இன்ன வகை என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகை ஏமாற்றும். இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் தாழ்ந்திருக்கும், அந்தப் பக்கப் பாவை சிறுத்திருக்கும். இது ஹார்னர் சிண்ட்ரோம். மேலே சொன்ன, நுரையீரல் உச்சியைத் தொட்டு வரும் நரம்பின் வேலை. நெடுநாள் பீடி பிடித்தவருக்குத் தோளிலும் கையிலும் வலியோடு இது வந்தால் நெஞ்சுக்குப் படம் எடுக்க வேண்டும். விழுந்தோ அடிபட்டோ கழுத்து வலியோடு வந்தால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

பாம்புக் கடிக்கும் இமைக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

உண்டு. நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் விஷம் நரம்பையும் தசையையும் பிரித்துவிடும். முதலில் விழுவது இமைதான். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்காது, தடமும் தெரியாது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு, இரண்டு இமையையும் தூக்க முடியாமல் எழுந்தால் பாம்பைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஊட்டி உயரத்தில் இந்தப் பாம்புகளை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. மசினகுடி, பர்லியார், கூடலூரின் கீழ்ப்பகுதி போன்ற இடங்களில் மனதில் இருக்கட்டும்.

கண் பெரிதாகி, முறைத்துப் பார்ப்பது போல் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

தைராய்டைப் பார்க்க வேண்டும். மேலிமை மேலேறி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிய ஆரம்பிக்கும். கீழே பார்க்கச் சொன்னால் விழி முதலில் போகும், இமை பின்தங்கி வரும். கூடவே நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது. எங்கள் ஊரில் இன்னொரு அடையாளமும் உண்டு. உறைபனி விழும் டிசம்பரில் வீடே ஸ்வெட்டரும் குல்லாவுமாக இருக்க, ஒருவர் மட்டும் வியர்க்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைப்பார்!

தைராய்டு குறைந்தால் கதை மாறும். இமை உப்பும், புருவத்தின் வெளிப்பக்க முடி உதிரும், மலச்சிக்கல், சோம்பல், குளிர் தாங்காமை. சமவெளியில் ஒருவர் கம்பளி போர்த்தினால் வீட்டில் கேள்வி கேட்பார்கள். ஊட்டியில் யார் கேட்பார்கள்? அதனால்தான் இங்கே இது தாமதமாகக் கண்ணில் படுகிறது என்பது என் எண்ணம்.

தைராய்டுக் கண் நோய்க்கு பீடி, சிகரெட் பெரிய எதிரி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே புகைத்தால் கண் அடங்காது. ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருந்தாலும் கண் நோய் வரலாம், ஆகவே "ரிப்போர்ட் நார்மல்" என்று கண்ணை விட்டுவிடாதீர்கள். சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ விழி நரம்பு நசுங்குகிறது என்று பொருள். உடனே இறங்குங்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் வந்தேன். மறுநாள் வாய் கோணி, ஒரு கண்ணை மூட முடியவில்லை. காற்று அடித்ததுதானே?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூடாது என்பது உண்மைதான். காற்றுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏழாவது நரம்பு வீங்கி எலும்புக் குழாய்க்குள் நெரிபடுகிறது. பழைய வைரஸ் கிளம்புவது காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவர்கள் கருத்து. சுகர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாய்ப்பு கூடுதல்.

முதலில் பக்கவாதம் இல்லை என்று தெரிய வேண்டும். புருவத்தை உயர்த்துங்கள். நெற்றியில் சுருக்கம் விழாமல், கண்ணும் மூடாமல் இருந்தால் அநேகமாக முகவாதம். நெற்றி சுருங்குகிறது, வாய் மட்டும் கோணுகிறது என்றாலோ, கை கால் பேச்சில் குறை என்றாலோ பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது.

முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். பெரும்பாலானோர் சில மாதங்களில் முழுதாகத் தேறுகிறார்கள். புறா ரத்தம் தேய்த்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

அதுவரை கண்ணைக் காப்பாற்ற வேண்டும். மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் விழும், அது தழும்பானால் நரம்பு தேறியும் பார்வை தேறாது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, படுக்கும்போது இமையை விரலால் மூடிவிட்டுப் பேப்பர் டேப். வெளியே போனால் கண்ணாடி. இங்கே காற்றும் குளிரும் சும்மா விடாது.

நெடுநாளாகக் கண் மூடாமல் இருந்து, உடம்பில் எங்காவது உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ச் சோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

கண்கட்டி திரும்பத் திரும்ப வருகிறது. சூடுதானே?

ஒரு முறை வந்தால் வெந்நீர் ஒத்தடம் போதும். மூன்று நான்கு முறை வந்தால் சுகர் பாருங்கள், முடிந்தால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகர்) சோதனையும். சுகர் இருப்பதே கண்கட்டியால் தெரிய வந்தவர்கள் என் நோட்டில் நிறைய. தலையில் பொடுகு இருந்தாலும் இமை ஓரத்தில் செதில் படிந்து சுரப்பி அடைத்துக் கட்டி வரும்.

ஐம்பது அறுபது வயதுக்கு மேல், ஒரே இடத்தில், வெட்டி எடுத்தும் மறுபடி வரும் கட்டி வேறு விஷயம். அந்த இடத்தில் இமை முடியும் உதிர்ந்திருந்தால் சதைத் துண்டைச் சோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் கண்கட்டி வேஷத்தில்தான் வரும், அது நம் ஆசிய மக்களிடம் அதிகம்.

மூக்கோர இமையில் மஞ்சள் திட்டு இருக்கிறது. வலி இல்லை.

கொழுப்புப் படிவு. ரத்தக் கொழுப்பு சோதித்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அளவு சரியாகவே இருக்கும், மீதிப் பேருக்கு இதுதான் முதல் எச்சரிக்கை. அவசரம் ஒன்றுமில்லை.

நெற்றியிலும் இமையிலும் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம். அக்கி எழுதலாமா?

குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் எனக்கும் தெரியும், என் பாட்டிக்கே எழுதியிருக்கிறார்கள். முதுகில் வந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இமையில் வந்தால் மாட்டேன். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து எழுவதுதான் அக்கி. மூக்கு நுனியிலும் கொப்புளம் இருந்தால் கருவிழிக்குள் போக வாய்ப்பு அதிகம். வைரஸ் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். காவி பூசி வந்தால் கொப்புளமும் தெரியாது, கண்ணைத் திறந்து பார்க்கவும் முடியாது. இளவயதில் வந்தால் சுகரும் எச்.ஐ.வி.யும் சோதிக்கச் சொல்வார்கள். சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

இமை துடிக்கிறது. பெண்ணுக்கு இடது துடித்தால் நல்லதாமே?

நல்லது நடந்தால் சந்தோஷம்! தூக்கக் குறைவு, மனக்கவலை, டீ. டீத்தூள் விளையும் ஊரில் டீயைக் குறை என்று சொல்ல எனக்கே நாக்கு வராது. ஆறு டம்ளரை மூன்றாக்குங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். துடிப்பு இமையிலிருந்து கன்னத்துக்கும் வாய் ஓரத்துக்கும் இறங்கினால் ரத்தக்குழாய் ஒன்று ஏழாவது நரம்பில் உரசுகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

சிக்கிள் செல் உள்ள பிள்ளைக்கு இமை வீங்குமா?

வீங்கும். இது நீலகிரியில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே இந்த மலைப் பழங்குடி மக்களிடம்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதினார்கள். அரிவாள் மாதிரி வளைந்த ரத்த அணுக்கள் பொடி ரத்தக்குழாய்களை அடைக்கும். கண் குழியின் எலும்பில் அடைத்தால் இமை வீங்கி வலிக்கும், காய்ச்சலும் வரும். பார்ப்பதற்குக் கிருமித் தொற்று போலவே இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, ஆகவே சிக்கிள் செல் அட்டையை முதலிலேயே நீட்டுங்கள்.

அந்த நோய் இல்லாத பிள்ளைக்கு ஒரு இமை சிவந்து வீங்கி, காய்ச்சலும், விழியை அசைத்தால் வலியும் இருந்தால் பெரும்பாலும் சைனஸ் சீழ் கண் பக்கம் வந்திருக்கிறது. அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும். கட்டுக்கடங்காத சுகர் உள்ள பெரியவருக்கு இமை வீக்கத்தோடு மூக்கில் கறுப்புப் படலம் தெரிந்தால் கரும்பூஞ்சை. 2021-ல் கரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குறட்டைக்கும் இமைக்கும்கூட தொடர்பு உண்டா?

உண்டு. உடல் பருத்தவர், காலையில் ஒரு கண் சிவந்து பீளையோடு எழுகிறார், மேலிமையை இழுத்தால் ரப்பர் மாதிரி புரண்டுவிடுகிறது என்றால், எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்பேன். அநேகமாக அதே பக்கம். குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை மனைவியிடம்தான் கேட்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இமையையும் இதயத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு, அப்புறம் ஒரு பழைய போட்டோ. எப்போதிலிருந்து தொங்குகிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "போன மாசம்தான்" என்பார்கள். வயதானால் இமையைத் தூக்கும் தசைநார் தளர்ந்து மெல்ல மெல்ல இறங்குவது வேறு, போன மாதம் இறங்கியது வேறு. பெரியவர் ஒருவர் ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) கல்யாண ஆல்பத்தையே கம்பளியில் சுற்றி எடுத்து வந்தார். எல்லாப் படத்திலும் கூலிங் கிளாஸ். சிரித்து முடித்துவிட்டு வாக்காளர் அட்டையைக் கேட்டேன். பதினைந்து வருடத்துக்கு முன் எடுத்த அந்த மங்கல் படத்திலேயே இமை பாதி இறங்கியிருந்தது. ஸ்கேன் வேண்டாம், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.